அடுத்த ஆண்டு லாபத்தைக் கணிக்கும் மாடல்: ஐந்தொகை சமப்படவில்லை, லாப விகிதத்திலும் சந்தேகம்

புதுக்கணக்கு

வணக்கம். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஓர் உற்பத்தி நிறுவனத்தின் அடுத்த மூன்று ஆண்டு லாபத்தைக் கணிப்பதற்காக எக்ஸெலில் ஒரு மாடல் கட்டிக்கொண்டிருக்கிறேன். லாப நட்டக் கணக்கு, ஐந்தொகை (சொத்துகளையும் பொறுப்புகளையும் எதிரெதிரே காட்டும் பேலன்ஸ் ஷீட்), ரொக்க ஓட்ட அறிக்கை ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்ததில் மொத்தம் 140 வரிகள் சேர்ந்துவிட்டன. பேசுவதற்கு வசதியாக எண்களைச் சுருக்கித் தருகிறேன். சென்ற ஆண்டு விற்பனை 1,000, செயல்பாட்டு லாபம் 150, வட்டி 30, வரிக்கு முந்தைய லாபம் 120, 25 சதவீத வரி போக நிகர லாபம் 90. பங்குகள் 45 என்பதால் பங்கு ஒன்றுக்கான லாபம் 2.00.

வரும் ஆண்டில் விற்பனை 10 சதவீதம் வளரும் என்றும், செயல்பாட்டு லாப விகிதம் அதே 15 சதவீதத்தில் நிற்கும் என்றும் வைத்துக்கொண்டேன். அப்படிப் பார்த்தால் பங்கு ஒன்றுக்கு 2.25 வருகிறது. இந்த அனுமானம் சரிதானா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வியைக் கேட்கச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஐந்தொகை சமப்படவில்லை. முதல் ஆண்டில் பொறுப்புகள் பக்கம் சொத்துகளைவிட 36 கூடுதலாக நிற்கிறது. இரண்டாம் ஆண்டில் 72, மூன்றாம் ஆண்டில் 108. இப்போதைக்கு "இதர சொத்துகள்" என்று ஒரு வரியைச் சேர்த்து, வித்தியாசத்தை அதில் தள்ளி வைத்திருக்கிறேன்.

ஐந்தொகைப்பித்தன்

முதல் கேள்விக்கு வேறு யாராவது வருவார்கள். இரண்டாவதை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த "இதர சொத்துகள்" வரியை இன்றே நீக்கிவிடுங்கள். ஐந்தொகை சமப்படாமல் நிற்பது மாடலில் எங்கோ பிழை இருக்கிறது என்பதற்குக் கிடைக்கும் இலவசமான எச்சரிக்கை. அதன் வாயை நீங்களே அடைத்துவிட்டீர்கள்.

உங்கள் வித்தியாசம் நிறையவே பேசுகிறது. ஆண்டுதோறும் ஒரே அளவில் 36, 72, 108 என்று கூடிக்கொண்டே போகிறது. ஆரம்ப ஐந்தொகையில் ஓர் எண்ணைத் தவறாகப் பதிந்திருந்தால் எல்லா ஆண்டிலும் அதே 36 தான் நின்றிருக்கும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் திரும்ப நிகழும், அளவு மாறாத ஒரு நடவடிக்கையில்தான் பிழை இருக்கிறது. கூட்ட வேண்டியதைக் கழித்தாலோ, கழிக்க வேண்டியதைக் கூட்டினாலோ வித்தியாசம் அந்தத் தொகையைப் போல இரு மடங்காக வரும் என்பது கணக்கு மேசையில் உட்கார்ந்த எவருக்கும் தெரிந்த பழைய பாடம். எனவே 36-ஐப் பாதியாக்கி 18 என்ற எண்ணை உங்கள் தாள்களில் தேடிப் பாருங்கள். ஆண்டுக்கு 18 என்று டிவிடெண்ட், அதாவது பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் லாபப் பங்கு, ஏதும் வைத்திருக்கிறீர்களா?

பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும்: ரொக்க ஓட்டத் தாளில் டிவிடெண்டை வெளியே போகும் பணம் என்பதால் மைனஸ் 18 என்று எழுதியிருப்பீர்கள். ஐந்தொகைத் தாளில், தேக்கிவைத்த லாபத்தைக் கணக்கிடும்போது, "ஆரம்ப இருப்பு, கூட்டல் லாபம், கழித்தல் டிவிடெண்ட்" என்ற ஃபார்முலாவில் அதே செல்லை இழுத்திருப்பீர்கள். மைனஸைக் கழித்தால் கூட்டலாகிவிடும் அல்லவா?

புதுக்கணக்கு

அப்படியே இருந்தது. குறியை மாற்றியதும் மூன்று ஆண்டுகளும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டன. 36 என்பது 9-ஆல் வகுபடுவதால், எங்கோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டிவிட்டேன் என்று நினைத்து ஆண்டறிக்கையின் எண்களை இரண்டு மாலைகள் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தொகைப்பித்தன்

இலக்க மாற்றமாக இருந்தால் வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு இப்படிச் சீராகப் பெருகியிருக்காது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஐந்தொகை சமப்பட்டதாலேயே மாடல் சரியாகிவிடாது. இயந்திரங்களின் தேய்மானச் செலவை 40-க்குப் பதில் 400 என்று தட்டினாலும் இரண்டு பக்கமும் அழகாகச் சமப்படும். 2012-இல் ஜேபி மார்கன் வங்கிக்கு 600 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் ஏற்பட்ட விவகாரத்தில், இடரை அளக்கும் மாடலின் ஒரு ஃபார்முலா, சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தது என்று அந்த வங்கியின் சொந்த விசாரணை அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. நஷ்டத்துக்கு அது மட்டுமே காரணம் அன்று. ஆனால் ஏற்ற இறக்கத்தின் அளவைப் பாதியாகக் காட்டும் பிழை அது. எந்தச் சமநிலைச் சோதனையும் அப்படிப்பட்ட பிழையைப் பிடிக்காது.

பழைய அனலிஸ்ட்

முதல் கேள்விக்கு வருகிறேன். 15 சதவீதம் அப்படியே நிற்கும் என்ற அனுமானம் வெளியே அடக்கமாகத் தெரிந்தாலும் உள்ளே மிகத் துணிச்சலானது. விற்பனை கூடும்போது வாடகை, சம்பளம், காப்பீடு, தேய்மானம் உட்பட ஒவ்வொரு செலவும் அதே விகிதத்தில் கூடும் என்று நீங்கள் சொல்லாமல் சொல்கிறீர்கள். உற்பத்தி நிறுவனத்தில் அப்படி நடப்பது அரிது.

ஆண்டறிக்கையின் செலவுக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, உற்பத்தி அளவோடு ஏறி இறங்கும் செலவு எது, ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொடுத்தே தீர வேண்டிய செலவு எது என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் மொத்தச் செலவு 850-இல் மாறும் செலவு 600, நிலையான செலவு 250 என்று வைத்துக்கொள்வோம். விற்கும் அளவு 10 சதவீதம் கூடினால் விற்பனை 1,100. மாறும் செலவு 660. நிலையான செலவு அசையாவிட்டால் செயல்பாட்டு லாபம் 190. வட்டியும் வரியும் போக நிகர லாபம் 120. பங்கு ஒன்றுக்கு 2.67. விற்பனை 10 சதவீதம் ஏறினால் லாபம் 33 சதவீதம் ஏறுகிறது. இதே கத்தி மறுபக்கமும் வெட்டும்: அளவு 10 சதவீதம் குறைந்தால் பங்கு ஒன்றுக்கு 1.33 தான் மிஞ்சும். ஆப்பரேட்டிங் லெவரேஜ் என்று இதைத்தான் சொல்கிறார்கள். வட்டியும் ஒரு நிலையான செலவே என்பதால் கடன் அதன் மேல் இன்னொரு அடுக்கை வைக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. உங்கள் 10 சதவீத வளர்ச்சி எங்கிருந்து வருகிறது? கூடுதல் சரக்கு விற்பதாலா, அதே சரக்கின் விலையை ஏற்றுவதாலா? அளவு மாறாமல் விலை மட்டும் 10 சதவீதம் ஏறினால் மாறும் செலவு 600-லேயே நிற்கும். செயல்பாட்டு லாபம் 250. நிகர லாபம் 165. பங்கு ஒன்றுக்கு 3.67. விற்பனை வரியில் இரண்டும் ஒரே 1,100 தான். கீழே வரும்போது ஒன்று 2.67, மற்றொன்று 3.67. வளர்ச்சியை ஒற்றைச் சதவீதமாக ஒரு செல்லில் தட்டிவிட்டு 140 வரிகள் எழுதுவதைவிட, விலை ஒரு வரி, அளவு ஒரு வரி என்று பிரித்துக்கொண்டு 40 வரிகளோடு நிறுத்திக்கொள்வது மேல் என்பது என் கருத்து.

நிலையான செலவு என்பது அடியோடு அசையாத செலவும் அன்று. சம்பள உயர்வு வரும். ஆலை தன் முழுத் திறனை எட்டும்போது புதிய இயந்திரமும் புதிய ஷிஃப்டும் வந்து நிலையான செலவு படிக்கட்டுப்போல் ஒரே தாவாகத் தாவும். எனவே திறன் பயன்பாட்டை நிர்வாகம் வெளியிடுகிறதா என்று பார்த்து, வெளியிட்டால் அதை ஒரு வரியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டுக்கு நிலையான செலவில் 6 சதவீத ஏற்றம் மட்டும் கொடுத்தால் அது 265 ஆகிறது. செயல்பாட்டு லாபம் 175, நிகர லாபம் 108.75, பங்கு ஒன்றுக்கு 2.42. நானாக இருந்தால் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

விகிதமே போதும்

மேலே சொன்னவரின் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆயினும் இவ்வளவு பிரித்துப் போடுவதால் கணிப்பு மேம்படுகிறது என்பதற்கு என்ன ஆதாரம்? ஆண்டு லாபத்தின் போக்கு ஏறத்தாழ ஒரு சமவாய்ப்பு நடையைப் போன்றது, அதாவது அடுத்த ஆண்டுக்கான நல்ல கணிப்பு பெரும்பாலும் இந்த ஆண்டின் எண்ணே என்று பால், வாட்ஸ் என்ற கணக்கியல் ஆய்வாளர்கள் இருவரும் 1972-இலேயே எழுதிவிட்டார்கள். அதற்கும் நான்கு ஆண்டுகள் முன்பு, 1968-இல், ஆண்டு லாபம் அறிவிக்கப்படும்போது அதன் செய்தியில் பெரும்பகுதி ஏற்கெனவே பங்கு விலையில் ஏறிவிட்டிருக்கிறது என்று அதே பால், பிரவுன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து காட்டினார். ஒவ்வொரு புதிய வரியும் ஒரு புதிய அனுமானம். ஒவ்வோர் அனுமானமும் தவறு நுழைய ஒரு புதிய வாசல். நாற்பது இடங்களில் ஊகித்துவிட்டு, கடைசியில் இரண்டு தசம இடம் வரை துல்லியமாக ஓர் எண்ணை எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகாதா?

பழைய அனலிஸ்ட்

உங்கள் சந்தேகத்தில் பாதியை ஏற்கிறேன். அந்த எளிய கணிப்பை மாடலுக்கு எதிராளியாகவே நிறுத்திவிட வேண்டும். "அடுத்த ஆண்டும் 2.00" என்று ஒரு செல், காலாண்டுக் கணிப்பாக இருந்தால் "சென்ற ஆண்டின் இதே காலாண்டு எண், அதோடு வழக்கமான வளர்ச்சி" என்று ஒரு செல், இரண்டையும் மாடலின் பக்கத்திலேயே வைக்கச் சொல்வேன். காலாண்டு லாபத்துக்குப் பருவத்தைக் கணக்கில் எடுத்த இத்தகைய எளிய மாடல்கள் எவ்வளவு தாக்குப்பிடிக்கின்றன என்று 1977-இல் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர் ஆராய்ந்திருக்கிறார். பல காலாண்டுகள் ஓடிய பிறகும் உங்கள் 40 வரிகள் இந்த ஒரு வரியை வெல்லவில்லை என்றால், அந்த 40 வரிகளால் பயனில்லை என்று நானே ஒப்புக்கொள்வேன்.

ஏற்காத பாதி இது. நீங்கள் சுட்டிய முடிவுகள் பல நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்தவை. மூலப்பொருள் விலை நேற்று 20 சதவீதம் ஏறிய ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. "விலையை ஏற்ற முடியாமல் போனால் லாபம் என்னவாகும்?" என்ற கேள்விக்குச் சென்ற ஆண்டின் எண் பதில் சொல்லாது; பிரித்துப் போட்ட மாடல் சொல்லும். துல்லியத்துக்காக மாடல் கட்டுபவர்களைவிட இந்தக் கேள்விக்காகக் கட்டுபவர்களையே நான் அதிகம் நம்புகிறேன். மற்றபடி இரண்டு தசம இடம் பற்றி நீங்கள் சொன்னது நியாயம், 2.42 என்று எழுதுவதைவிட 2.1 முதல் 2.7 வரை என்று எழுதி, எந்த அனுமானம் எந்த முனைக்கு இழுக்கிறது என்று குறிப்பதே நேர்மை.

தணிக்கை மேசை

எதிர்காலத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். கடந்த காலத்து எண்களைச் சுத்தம் செய்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. மாடலில் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

ஐந்து ஆண்டு எண்களை வரிசையாகப் பதிந்துவிட்டுச் சராசரி எடுப்பது எல்லோரும் செய்வது. அந்த ஐந்தும் ஒரே இனமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற பன்னாட்டுக் குத்தகைக் கணக்கு விதி 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை வாடகை என்று ஒரே வரியில் இருந்த செலவு தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்தது. கடைகள், விமானங்கள் போன்றவற்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் நிறுவனங்களில் தேய்மானத்துக்கும் வட்டிக்கும் முந்தைய லாபம் ஒரே ஆண்டில் துள்ளியது. தொழிலில் எதுவும் மாறவில்லை. அந்த ஆண்டைத் தாண்டி நீளும் சராசரி எதுவும் இரண்டு வேறு பொருள்களைக் கூட்டி வகுத்த எண் தான்.

வாரக் கணக்கில் நிதியாண்டை முடிக்கும் சில்லறை விற்பனை நிறுவனங்களுக்குச் சில ஆண்டுகளில் 52-க்குப் பதில் 53 வாரங்கள் வரும். அந்த ஆண்டின் வளர்ச்சியில் ஏறத்தாழ 2 சதவீதம் நாட்காட்டியின் கொடை. அடுத்த ஆண்டு அது திரும்பப் போய்விடும். நிலம் விற்ற லாபம், வழக்குத் தீர்வு, ஆலை மூடிய செலவு ஆகியவற்றையும் தனியே எடுத்து வைக்க வேண்டும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை: "ஒருமுறை மட்டும் நேரும் செலவு" என்று நிர்வாகம் ஐந்து ஆண்டுகளாக ஆண்டுதோறும் காட்டிவரும் செலவு ஒருமுறைச் செலவு அன்று. நான் பார்த்த ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், மறுசீரமைப்புச் செலவை ஏழு ஆண்டுகள் இப்படி ஒதுக்கிக் காட்டிக்கொண்டிருந்தது.

கடைசிக் காலாண்டைத் தனியாக வெளியிடாத இடங்களில், முழு ஆண்டிலிருந்து ஒன்பது மாதத்தைக் கழித்துத்தான் நாம் அதைப் பெறுகிறோம். ஆண்டின் திருத்தங்கள் எல்லாம் அந்தக் காலாண்டின் தலையில் விழுந்திருக்கலாம். நான்கு காலாண்டுகளின் பங்கு ஒன்றுக்கான லாபத்தைக் கூட்டினால் முழு ஆண்டின் எண் வராமலும் போகலாம். காலாண்டுக்குக் காலாண்டு பங்கு எண்ணிக்கை மாறுவதால் வருவது அது, பிழை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

புதுக்கணக்கு

பங்கு எண்ணிக்கையை நான் 45 என்று நிலையாகவே வைத்திருந்தேன். வரியையும் 25 சதவீதம் என்று ஒரே செல்லில் வைத்திருக்கிறேன். இரண்டையும் மாற்ற வேண்டுமா?

தணிக்கை மேசை

வரியைப் பொறுத்தவரை, சட்டம் சொல்லும் விகிதத்தை எடுக்காமல், வரிக் குறிப்பில் சட்ட விகிதத்துக்கும் உண்மையில் விழுந்த விகிதத்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை விளக்கும் அட்டவணையைப் படியுங்கள். பழைய நஷ்டங்களைக் காட்டிப் பெறும் வரிச் சலுகை எந்த ஆண்டில் தீர்ந்துபோகிறது என்பது அங்கே புரியும்.

பங்கு எண்ணிக்கைக்கு ஆண்டின் எடையிட்ட சராசரிதான், அதாவது ஒவ்வொரு பங்கும் ஆண்டில் எவ்வளவு காலம் இருந்தது என்று பார்த்து எடுக்கும் சராசரிதான், வகுக்கும் எண். 45 பங்குகளில் 4-ஐ நிறுவனம் ஆண்டின் நடுவில் திரும்ப வாங்கினால் இந்த ஆண்டுக்கு 43, அடுத்த ஆண்டுக்குத்தான் 41. ஊழியர்களுக்குக் கொடுத்த பங்கு ஆப்ஷன்கள் எதிர்த்திசையில் வேலை செய்யும். 30 விலையில் வாங்கும் உரிமையுள்ள 4 ஆப்ஷன்கள் இருக்கின்றன, சந்தை விலை 40 என்றால், அவர்கள் கட்டும் 120-ஐக் கொண்டு நிறுவனம் சந்தையில் 3 பங்குகளை வாங்கிவிடலாம் என்று கருதி, மிச்சமுள்ள 1 பங்கை மட்டும் கூட்டுவது முறை. 45 என்பது 46 ஆகும், 2.42 என்பது 2.36 ஆகும். பங்கு விலை ஏற ஏற இந்தக் கூடுதலும் ஏறும்.

புதுக்கணக்கு

இன்னொரு சிக்கல். சராசரிக் கடனுக்கு வட்டி போடச் சொல்லி ஒரு வழிகாட்டியில் பார்த்துச் செய்தேன். எக்ஸெல் சுழற்சிக் குறிப்பு என்று எச்சரிக்கிறது.

ஐந்தொகைப்பித்தன்

வட்டி லாபத்தைக் குறைக்கும், லாபக் குறைவு ரொக்கத்தைக் குறைக்கும், ரொக்கக் குறைவு கடனைக் கூட்டும், கடன் மறுபடி வட்டியைக் கூட்டும். தன் வாலைத் தானே கவ்வும் பாம்பு. திரும்பத் திரும்பக் கணக்கிடும் வசதியை இயக்கிவிட்டால் தீரும் என்பார்கள். தீரும்தான், ஆனால் ஒரு செல்லில் ஒருமுறை பிழைக் குறி புகுந்துவிட்டால் அது சுற்றிச் சுற்றி வந்து தாள் முழுவதும் நிரம்பிவிடும், மூலச் செல்லைத் திருத்தினாலும் தானாகப் போகாது. ஆரம்பக் கடனுக்கு மட்டும் வட்டி போடுங்கள். ஆண்டின் நடுவில் கடன் பெரிதாக மாறாத வரை, சராசரியால் கிடைக்கும் கூடுதல் துல்லியம் உங்கள் விலை அனுமானத்தின் பிழைக்கு முன்னால் தூசு.

பழைய அனலிஸ்ட்

நடைமுறை மூலதனத்தையும், அதாவது பாக்கி, சரக்கு என்று அன்றாடத் தொழிலில் முடங்கும் பணத்தையும், நாட்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை 1,000, வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 137 என்றால் ஏறத்தாழ 50 நாள் கடன். அடுத்த ஆண்டு 1,100 விற்பனையில் அது 65 நாளானால் பாக்கி 196. அதாவது காகிதத்தில் காட்டும் லாபத்தில் 59 இன்னும் கைக்கு வரவில்லை. லாப வரி அழகாக இருக்கும்போது நாட்கள் நீண்டால், அடுத்த ஆண்டின் விற்பனையை இந்த ஆண்டே கடனுக்குத் தள்ளிவிட்டார்களோ என்று கேட்கத் தோன்ற வேண்டும். லாபத்தில் ரொக்கமாக வந்த பகுதி அடுத்த ஆண்டும் நிலைப்பதுபோல, ரொக்கம் கைமாறாமல் கணக்குப் பதிவால் மட்டும் வந்த பகுதி நிலைப்பதில்லை என்று 1996-இல் ஸ்லோன் என்ற ஆய்வாளர் காட்டியது இதோடு தொடர்புடையது. பலர் இதை நிறுவனத்தின் மதிப்பைக் கணக்கிடுபவர்களின் வேலை என்று ஒதுக்குகிறார்கள். லாபக் கணிப்புக்கே இது தேவை.

புதுக்கணக்கு

காலாண்டு முடிவு வந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் சொன்னபடி மாடலைச் சுருக்கி, விலை, அளவு, மூலப்பொருள், நிலையான செலவு என்று பிரித்து, முடிவுக்கு முன்பே கணிப்பைத் தேதியிட்டுப் பூட்டி வைத்தேன். பங்கு ஒன்றுக்கு 0.59 என்று கணித்தேன். வந்ததும் 0.59. எளிய கணிப்பு 0.52 என்று சொல்லியிருந்தது. மகிழ்ச்சியாக இருக்கிறது.

தணிக்கை மேசை

வரி வரியாக ஒப்பிட்டீர்களா? "இதர வருமானம்" எவ்வளவு?

புதுக்கணக்கு

இப்போதுதான் பார்த்தேன், மகிழ்ச்சி குறைந்துவிட்டது. விற்பனை 272 என்று கணித்தேன், 260 தான் வந்திருக்கிறது. மாறும் செலவு 163 என்றேன், 157 வந்தது. நிலையான செலவு 66, வட்டி 7.5, இவை இரண்டும் சரி. என் மாடலில் இல்லாத இதர வருமானம் 6. குறிப்பில், உபயோகமில்லாத நிலம் விற்ற லாபம் என்று போட்டிருக்கிறது. அதை நீக்கினால் பங்கு ஒன்றுக்கு 0.49. அப்படியானால் எளிய கணிப்புதான் உண்மைக்கு நெருக்கமாக இருந்திருக்கிறது.

விகிதமே போதும்

நான் எதுவும் சொல்லவில்லை.

பழைய அனலிஸ்ட்

பிழைப் பதிவேட்டில் இதை 0.10 தவறு என்றே எழுதுங்கள். பிறகு விற்பனையில் வந்த அந்த 12 குறைவைப் பாருங்கள். விலை குறைந்ததால் வந்த குறைவாக இருந்தால் மாறும் செலவு 163-லேயே நின்றிருக்கும். அது 157-க்கு இறங்கியிருப்பதால் குறைந்தது அளவு. 260-க்கு 60 சதவீதம் என்றால் 156 வந்திருக்க வேண்டும். மிச்சம் 1 மூலப்பொருளோ சரக்குக் கட்டணமோ. ஆக, விலை பற்றிய உங்கள் அனுமானம் இந்தக் காலாண்டில் தாங்கியிருக்கிறது. அளவு பற்றியது தாங்கவில்லை. அளவுக்கு எந்த எண்ணை வைத்து 272-க்கு வந்தீர்கள்?

புதுக்கணக்கு

நிர்வாகம் ஆண்டின் தொடக்கத்தில் சொன்ன வளர்ச்சி இலக்கை அப்படியே எடுத்துக்கொண்டேன். கடந்த ஐந்து ஆண்டுகளில் அவர்கள் சொன்ன இலக்கையும் உண்மையில் வந்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தாள் போட ஆரம்பித்திருக்கிறேன். மூன்று ஆண்டுகள் முடித்துவிட்டேன். மூன்றிலும் வந்தது குறைவு.